மண்ணூர் ரீப்ளே

மெர்சி டீச்சர் விசில் ஊதியபோது மைதானத்துக்கு வந்தது ஒரே ஒரு டிரெய்லர் லாரிதான்.

கடைசிப் பீரியடு, பி.டி. பீரியடு. ஏழாம் வகுப்பிலிருந்து முப்பத்தெட்டுப் பிள்ளைகள் ஓடி வந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பக்கத்தில் விசிலுக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு: வரட்டும், வரட்டும், இன்னும் வரட்டும். மண்ணூர் ரோட்டில் எங்கே திருப்புவது என்று தெரியாமல் நின்றிருந்த பதினெட்டுச் சக்கர வண்டி, விசிலைக் கேட்டதும் நல்ல பிள்ளையாகப் பின்னால் வர ஆரம்பித்தது. திறந்து கிடந்த கேட்டைத் தாண்டியது, கொடிக்கம்பத்தைத் தாண்டியது. டீச்சர் பதறிப்போய் நிறுத்தச் சொல்லி ஊதினார். எவ்வளவு ஊதினாரோ அவ்வளவு வந்தது. மூச்சு முட்டி அவர் ஊதுவதை விட்ட இடத்தில், கோல் போஸ்ட் என்று சொல்லப்பட்ட இரண்டு சவுக்குக் கட்டைகளுக்கு நடுவில் நூல் பிடித்தாற்போல நின்றது. அந்த வருஷம் அந்த மைதானத்தில் விழுந்த முதல் கோல் அதுதான்.

டிரைவர் டில்லிபாபு இறங்கி வந்து பெருமையாகப் பார்த்தான். "சூப்பரா சைடு சொன்னீங்க மேடம். இம்மாம் பெரிய வண்டி, ஒரு கீறல் கீதா பாருங்க!"

தாழ்வாரத்தில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர் பள்ளியின் கரஸ்பாண்டென்ட் சாம்சன் ஐயா. வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று ஒரு டிரான்ஸ்போர்ட்காரர் நாலு மாதமாக அவரைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். டிரெய்லர் உள்ளே நுழையாது என்று சொல்லித்தான் ஐயா இதுவரை தட்டிக்கழித்தார். இனி அதையும் சொல்ல முடியாது. நுழைத்துக் காட்டியவரே பி.டி. டீச்சர்.

"பசங்க ஆடுனா அது கிரவுண்டு டீச்சர். ஆடலன்னா காலி மனை. காலி மனைய பூட்டி வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

"குறுவட்டப் போட்டிக்கு ஏழு பேர் ஆடற ஃபுட்பால் டீம் எறக்கறோம் ஐயா."

"ஏழு பேரு கெடைப்பாங்களா?"

"தாராளமா" என்றார் டீச்சர். போன வருஷம் கிடைத்தது இரண்டு பேர். அதில் ஒருவன் ஆட்டுக்குட்டியைத் தேடி வந்தவன்.

மைதானம் போனால் பி.டி. பீரியடு போகும். பி.டி. பீரியடு போனால் மெர்சி டீச்சரை நூலகத்தில் போடுவார்கள். அந்தப் பள்ளியில் நூலகம் என்பது ஒரு பீரோ. ஓய்வு பெற இன்னும் பதினாறு வருஷம் இருக்க, பீரோவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் தன்னை டீச்சர் ஒருமுறை நினைத்துப் பார்த்தார். உடனே எழுந்து பிள்ளைகளைத் தேடிப் போனார்.

வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. பின்பக்க மதில்மேல் முப்பத்தெட்டு முதுகுகள் வரிசையாக இருந்தன. மதிலை ஒட்டினாற்போல ஒரு வாடகை அறை, அறைக்கு ஒரு ஜன்னல், ஜன்னலுக்குள் கொம்பையா. கோவில்பட்டிப் பக்கத்துப் பையன், கார்க் கண்ணாடி செய்யும் கம்பெனியில் வேலை. இரவு ஷிப்ட் முடிந்து தூங்கி, மூன்று மணிக்கு எழுந்து, பல் விளக்குவதற்கு முன்னால் டிவியில் ஃபுட்பால் வீடியோ கேம் போடுவான். டீச்சர் கதவைத் தட்டி, பந்து ஆடக் கற்றுத்தர முடியுமா என்று கேட்டார். அவன் எழுந்து லுங்கியைச் சரிசெய்துகொண்டான்.

"வாங்க டீச்சர். ஏல மதிலு மேல இருக்க பயலுவளா, சவுண்டக் கொறைங்கல! பந்து வெளாட்டா? நான் பந்தக் கால்ல தொட்டதே கெடையாது டீச்சர். எல்லாம் வெரலுதான். ஆனா உலகக் கோப்பை ஆறு தடவ வாங்கியிருக்கேன். அதுல ரெண்டு தூக்கக் கலக்கத்துல."

"அந்த கேம் பொட்டிய தூக்கிக்கினு பள்ளிக்கூடத்துக்கு வா தம்பி" என்றார் டீச்சர்.

ஏதோ ஒரு கம்பெனி கொடுத்துவிட்டுப் போன பெரிய டிவி ஒன்று பள்ளியில் இருந்தது. தூசி படக் கூடாது என்று அதன்மேல் இருந்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலே மூன்று வருஷம் பாடம் நடத்தியிருந்தார்கள். உறையை உரித்ததும் பிள்ளைகள் முதல்முறையாக அதில் நிறங்களைப் பார்த்தார்கள். கொம்பையா கேமுக்குள் 'மண்ணூர்' என்று புதிதாக ஒரு டீம் உண்டாக்கினான். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களையே ஆட்டக்காரர்களுக்கு வைத்தான். சுருட்டை முடிக்காரிக்குச் சுருட்டை முடி, தொப்பைக்காரனுக்குத் தொப்பை. ஒவ்வொரு பெயருக்குக் கீழும் வேகம் இவ்வளவு, உதை இவ்வளவு, தாவல் இவ்வளவு என்று கேம் எண் கேட்டது. கொம்பையா மனசுக்குத் தோன்றியதைப் போட்டான்.

சுருட்டை முடிக்காரி தென்றல் திரைக்கு முன்னால் வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"வேகம் அறுவத்திரண்டா? எனக்கா? யாருண்ணா போட்டது?"

"நாந்தான். ஒரு குத்துமதிப்பா."

"நான் ஓடி நீ பாத்துக்கீறியா?"

"பாக்கலயே தாயி."

"அப்ப வெளிய வா."

டீச்சர் மேஜை டிராயரிலிருந்து ஸ்டாப் வாட்ச்சை எடுத்தார். அது கடைசியாக ஓடியபோது தென்றல் பிறந்திருக்கவில்லை. அவள் மைதானத்தைச் சுற்றி ஓடினாள். கொம்பையா உள்ளே போய் எழுபத்தொன்று என்று திருத்தினான். அவ்வளவுதான், வகுப்பே கிளம்பிவிட்டது. தனக்குத் தாவல் நாற்பது என்று பார்த்த கோல்கீப்பர் இனியவன், அன்றைக்கே நூலக பீரோமேல் ஏறிக் குதித்து ஐம்பத்தைந்து வாங்கினான். வீட்டுப்பாடத்துக்கு எழுப்பினாலும் எழாத பிள்ளைகள், விடியற்காலையில் கம்பெனி பஸ்களோடு போட்டி போட்டு ஓடுகிறார்கள் என்று பெற்றோர் வந்து புகார் சொன்னார்கள். ஒரு பஸ், தென்றல் தன்னை முந்திவிட்டாள் என்று வெட்கப்பட்டு அன்று முழுவதும் ஸ்டார்ட் ஆகவில்லையாம்.

மூன்றாவது வாரம் டிவிக்கு முன்னால் கொம்பையா மட்டும்தான் இருந்தான், தனக்கு எதிராகத் தானே ஆடிக்கொண்டு. நாலாவது வாரம் அவனும் வெளியே வந்தான். முதல் உதையில் செருப்பு கோலுக்குள் போனது, பந்து நின்ற இடத்திலேயே நின்றது. தென்றல் அவனுக்குப் பதினெட்டு போட்டாள்.

டீச்சருக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒரு சங்கடமும் இருந்தது. தென்றல் முதல் கோல் போட்ட அன்று யாரும் குதிக்கவில்லை, கத்தவில்லை. எல்லாரும் அவரவர் பழைய இடத்துக்குத் திரும்பிப் போனார்கள். பிறகு அந்தக் கோலையே, தண்ணீருக்குள் நடப்பவர்களைப்போல, மெதுவாக இன்னொரு முறை போட்டுக் காட்டினார்கள். இனியவன் மெதுவாகத் தாவினான். அவன் தாவி இறங்குவதற்குள் மதிலோரம் படுத்திருந்த நாய் எழுந்து, சோம்பல் முறித்து, மறுபடி படுத்தது.

"இன்னாடி இது?"

"ரீப்ளே டீச்சர்."

"நெஜ மேட்ச்சுல ரீப்ளே கெடையாதுடி."

"ரீப்ளே இல்லாத கோல் எப்டி டீச்சர் கோலாவும்?"

டீச்சர் திட்டிப் பார்த்தார், தோப்புக்கரணம் போட வைத்தார். தோப்புக்கரணத்தையும் போட்டு முடித்து, மெதுவாக இன்னொருமுறை போட்டார்கள்.

போட்டி படப்பையில் நடந்தது. பதினோராவது நிமிஷத்தில் தென்றல் கோல் போட்டாள். மண்ணூர் டீம், கோல்கீப்பர் இனியவனும் சேர்ந்து, ரீப்ளேக்குப் போனது. நடுவர் பந்தை நடுவில் வைத்து விசில் ஊதிவிட்டார். எதிர் டீம் வந்து ஆளில்லாத கோலுக்குள் பந்தை உருட்டிவிட்டுப் போனது. டீச்சர் கோட்டுக்கு வெளியே நின்று கத்தினார், கொம்பையா மண்ணில் உட்கார்ந்துவிட்டான். இரண்டாவது கோலுக்கும் இதே கதை. மூன்றாவது கோலைத் தென்றல் மூன்று பேரைத் தாண்டி, குதிகாலால் போட்டாள். ரீப்ளே ஆரம்பித்தபோது அவள் எதிர் டீம் கோல்கீப்பரைப் பார்த்துக் கை நீட்டினாள். "ஏய், நீ இல்லாம எப்டி? நீ ரைட்ல தாவுன. வா!" அந்தப் பையன் ஒரு நொடி யோசித்தான். பிறகு மெதுவாக வலப்பக்கம் தாவினான். அவனுடைய ஆட்கள் பந்தை மறந்துவிட்டு அவரவர் இடத்துக்குப் போய் மெதுவாக ஏமாந்தார்கள். நடுவர் மெதுவாக விசிலை உதட்டுக்குக் கொண்டுபோனார். வேடிக்கை பார்த்த கூட்டமும் மெதுவாகக் கை தட்டியது. பொய் என்பவர்கள் படப்பை ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் விசாரித்துக்கொள்ளலாம்.

மண்ணூர் போட்டது மூன்று, வாங்கியது நாலு; அதில் இரண்டு ரீப்ளே நேரத்தில்.

"தோத்துட்டாங்களாமே" என்றார் சாம்சன் ஐயா. திங்கட்கிழமை கடைசிப் பீரியடுக்கு வெள்ளோட்டம் பார்க்க டிரெய்லர் வரப்போகிறது என்பதைப் பியூன்தான் சொன்னார்.

சொன்னபடி வந்தது. கேட்டுக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. டில்லிபாபு கண்ணாடியில் டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐயா குடையோடு தாழ்வாரத்திலிருந்து இறங்கி வந்தார். டீச்சரின் வாயில் விசில். ஊதினால் வண்டி வரும். ஊதாவிட்டால் பிள்ளைகள் வரமாட்டார்கள்.

பதினாறு வருஷத்துக்கும் சேர்த்து ஊதினார்.

வண்டி கிளம்பியது. அதே நொடியில் வகுப்புக் கதவு படீரென்று திறந்து முப்பத்தெட்டுப் பேர் வெளியே வந்தார்கள். கொம்பையா பின்மதிலைத் தாண்டிக் குதித்தான், லுங்கி மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது. டில்லிபாபுவின் கண்ணாடி முழுக்கப் பிள்ளைகள். கொடிக்கம்பத்துக்கு முன்னால் வண்டி நின்றது.

"மேடம், நீங்க ஊதறீங்க, ஆனா எடமே இல்லியே!"

ஐயா தென்றலைப் பார்த்தார்.

"அந்த மூணாவது கோலு, இன்னாமோ குதிகால்ல போட்டியாமே?"

"காட்டறோம் ஐயா. ஆனா அந்த டீம் கோல்கீப்பர் இல்லியே. ஒரு ஆள் வேணும்."

ஐயா குடையை மடக்கி டீச்சரிடம் கொடுத்தார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சவுக்குக் கட்டைகளுக்கு நடுவில் போய் நின்றார். "எந்தப் பக்கம்?"

"ரைட்டு ஐயா. மெதுவா!"

தென்றல் மெதுவாக ஒருவனைத் தாண்டினாள், மெதுவாக இன்னொருவனை. டில்லிபாபு இன்ஜினை அணைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தான். குதிகால் எழுந்தது, பந்து புறப்பட்டது. அறுபத்தெட்டு வயது சாம்சன் ஐயா இரண்டு கைகளையும் நீட்டி, வெள்ளைச் சட்டை காற்றில் உப்ப, வலப்பக்கம் தாவினார். பந்து உள்ளே போயிற்று, உருண்டு நின்றது, தென்றல் போய் எடுத்துக்கொண்டும் வந்துவிட்டாள்.

ஐயா இன்னும் தரைக்கு வந்து சேரவில்லை.