ஒரே ஓர் ஆண் பூச்சி

பத்தொன்பது வருடங்களாக அவள் அந்த ஆய்வுக்கூடத்தில் மற்றவர்கள் பிடித்து அனுப்பும் பூச்சிகளுக்குப் பெயர் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். புத்தகத்தில் இல்லாத ஒன்று அவளுக்கு முதல்முறையாக அகப்பட்டது. இலைத்தத்துப்பூச்சி, அரிசியைவிடச் சிறியது, முதுகில் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு பட்டைகள்.

பெண் பூச்சிகள் பதினொன்று கிடைத்திருந்தன. ஆண் ஒன்றே ஒன்று. சிக்கலே அதில்தான். நிறத்தையும் பட்டையையும் வைத்துப் புது இனம் என்று சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆணின் வயிற்று முனையைக் கழற்றி, உள்ளே இருக்கும், இனத்துக்கு இனம் மாறுபடும் இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தை வரைந்து காட்ட வேண்டும். இன்னொரு ஆணைத் தேடிப் போகவும் வழியில்லை. சாலையை அகலப்படுத்த, இவை கிடைத்த மரத்தையே வெட்டிவிட்டார்கள்.

அன்று காலையிலிருந்தே மின்சாரம் இல்லை. வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, ஜன்னலோரம் மைக்ரோஸ்கோப்பை வைத்து வேலை பார்த்தாள். கடுகில் பாதிகூட இல்லாத அந்த வயிற்று முனையை, கிளிசரின் சொட்டிலிருந்து ஊசி நுனியில் எடுத்துக் குப்பிக்குக் கொண்டுபோகும் நேரம் பார்த்து மின்சாரம் வந்தது. தலைக்கு மேலே மின்விசிறி சுழன்றது. காகிதங்கள் பறந்தன. கை துள்ளியது. ஊசி நுனியில் ஒன்றுமில்லை.

அடுத்த மேஜையில் வண்டுகளைப் பார்ப்பவர் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் அவரை வண்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து மின்விசிறியை நிறுத்தினார்.

"அசையாதீங்க மேடம். காலுக்குக் கீழ இருந்தாலும் இருக்கும்."

இரண்டு மணி நேரம் தேடினார்கள். மேஜையை ஓரம் ஓரமாகத் தூரிகையால் வருடினார்கள். தரையில் முட்டிபோட்டு, டார்ச் அடித்து, தூசியைக் காகிதத்தில் கூட்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். நூல் இருந்தது, எறும்புக் கால் இருந்தது. அது மட்டும் இல்லை.

பின்பக்கத் தெருவில் தையல்கடை வைத்திருக்கும் அவள் கணவர் வழக்கம்போல் சாப்பாட்டோடு வந்தார்.

"உள்ள வராதீங்க," என்றாள் தரையிலிருந்தபடியே. நடந்ததைச் சொன்னாள்.

அவர் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டார். "அது காய்ஞ்சதா, ஈரமா?"

"ஈரம். கிளிசரின்ல ஊறினது."

"அப்ப எங்கயும் பறந்திருக்காது. ஒட்டிக்கிட்டிருக்கும். எந்திரி. கோட்ட மட்டும் கழட்டிடாத."

செருப்பை வெளியே விட்டுவிட்டு, தரையைப் பார்த்துப் பார்த்து நடந்து வந்தார். அவள் வலது கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். தோளிலிருந்து கீழே வந்து, மணிக்கட்டில் துணி மடிந்திருந்த இடத்தில் அவர் கண் நின்றது.

"இந்தா, தையலோரமா ஒண்ணு மினுங்குது. இதுவான்னு பாரு. நான் தொடல."

வண்டுக்காரர் லென்ஸை நீட்டினார். அவள் பார்த்தாள். வாயைத் திறந்தால் மூச்சுக்காற்றில் போய்விடுமோ என்று பயந்து தலையை மட்டும் ஆட்டினாள்.

ஈரத் தூரிகையால் எடுத்து, கண்ணாடியில் வைத்து, மைக்ரோஸ்கோப்பில் கண்ணைப் பதித்தாள். வளைந்த தண்டு, நுனியில் இரண்டு கொக்கிகள். ஒன்றும் உடையவில்லை. குப்பிக்குள் விட்டு மூடியை அழுத்தினாள். நாற்காலி பக்கத்திலேயே இருந்தும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்களுக்கு எப்படிங்க கண்ணுல பட்டுச்சு?"

"நான் தச்ச கோட்டு. அந்த மடிப்பு சரியா படியலைன்னு எனக்கு அப்பவே தெரியும். உன்கிட்டதான் சொல்லல."

வண்டுக்காரர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது.

"பேரு என்ன வைக்கப்போற?" என்று கேட்டார் கணவர்.

"உங்க பேர வைக்கலாமான்னு பாக்கறேன்."

"ஐயோ, வேணாம்மா. பூச்சிக்காரன் கடைன்னு சொல்லிடுவாங்க."

மூவரும் அந்தச் சாப்பாட்டைப் பகிர்ந்து சாப்பிட்டார்கள். பிறகு அவள் கைகழுவிவிட்டு வந்து, தாளை எடுத்து எழுதத் தொடங்கினாள்: 'ஆண். நீளம் நான்கு மில்லிமீட்டர். தலை வெளிர்மஞ்சள்.'