ஏழு மா நிலமும் ஒரு மணி நேரமும்

கீழத்தெருவுக்குள் வெள்ளைக் கார் நுழைந்தால் போதும், தெருவே ஒரே குரலில் பேசும்: "அவங்க ஊர்ல இல்லைங்களே!" யாரைக் கேட்டாலும் இல்லைதான். கேட்கப்பட்ட ஆள் உள்ளே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருப்பார், ஏப்பம்கூட வெளியே கேட்கும், அப்போதும் இல்லைதான். இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. குத்தகை நிலத்தில் மூன்று தலைமுறையாகக் கால் ஊன்றியிருக்கிற தெரு அது. கையில் ஃபைலோடு வந்த எவனும் அந்தத் தெருவுக்கு நல்லது கொண்டுவந்ததில்லை. பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்களாம். அவர்களுக்கென்ன, சொந்த நிலம் வைத்திருந்தவர்கள்! கீழத்தெருவில் பொய் சொன்னதால்தான் போசனமே கிடைத்துக்கொண்டிருந்தது.

அந்தப் பொய்யில் தெருவிலேயே கைதேர்ந்தவள் ரெங்கம்மாள். அவள் புருஷன் முருகையன் ஏழு மா நிலத்தைக் குத்தகைக்கு உழுதவன். அவன் செத்து ஆறு வருஷம் ஆகிறது, உழவு மட்டும் நிற்கவில்லை. நிலத்துக்காரர் அனந்தநாராயணன் சென்னையில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். வரப்பில் கால் வைத்து முப்பது வருஷமான மனுஷனுக்கு, மன்னார்குடி ரோடு அகலமானதும் நிலம் திடீரென்று ஞாபகம் வந்துவிட்டது. மனை போட்டு விற்க வேண்டும், ஆளைக் காலி செய்ய வேண்டும் என்று வழக்குப் போட்டார். முருகையன் இல்லாததால் வாரிசுகள் மேல் வழக்கு. வாரிசு என்றால் இரண்டே பேர்தான்: ரெங்கம்மாளும் அவள் ஒரே மகள் தையல்நாயகியும்.

கோர்ட்டிலிருந்து சம்மன் கொடுக்கிற அமீனா எட்டுத் தடவை வந்தார். எட்டுத் தடவையும் ஆள் ஊரில் இல்லை. கடைசியில் இவர்கள் வராமலேயே தீர்ப்பாகி, நிலத்தைவிட்டு இறங்கு என்று உத்தரவு வந்தது. மன்னார்குடி வக்கீல் நாகேஸ்வரன்தான் ஒரு மனுப் போட்டுக் காப்பாற்றினார். 'எங்கள் கைக்குச் சம்மனே வரவில்லை, நாங்கள் வெளியூரில் இருந்தோம்' என்று ரெங்கம்மாள் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டாள். உத்தரவு நின்றது. அந்தக் கையெழுத்தின் பேரில் இரண்டு சம்பா அறுத்தாயிற்று, மூன்றாவது கதிர் வாங்கி நின்றது.

மகள் தையல்நாயகி சைக்கிள் பந்தயக்காரி. பதினொன்றாம் வகுப்பில் சர்க்கார் கொடுத்த இலவச சைக்கிளில் ஆரம்பித்தவள். கேரியரைக் கழற்றி வீசிவிட்டு, டவுன் பஸ்ஸை முந்திக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள். "பொம்பளப் புள்ளைக்கு என்ன இந்த ஓட்டம்" என்று கேட்ட வாய்களெல்லாம், அவள் தேசியப் போட்டியில் தங்கம் வாங்கி, அதை வைத்து ரயில்வேயில் வேலையும் வாங்கியபோது தாமாக மூடிக்கொண்டன. வருகிற ஆவணியில் ஆசியப் போட்டி. அதற்கு எடுத்துவிட்டால் கீழத்தெருவின் பெயர் டிவியில் வரும். ரெங்கம்மாள் நடவுக்குப் போன இடமெல்லாம் இதையே சொல்லிச் சொல்லி, கேட்கிறவர்களுக்கே மனப்பாடமாகிவிட்டது.

இந்த ஓட்டத்தில் ஊக்க மருந்து போட்டுக்கொண்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. அவர்களைப் பிடிக்க ஓர் அலுவலகமும் உண்டு. பெரிய பந்தயக்காரர்கள் தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்போம் என்று முன்கூட்டியே போனில் பதிந்துவைக்க வேண்டும். அந்த நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் ஆள் வந்து, மூத்திரமும் ரத்தமும் எடுத்துக்கொண்டு போவார்கள். ஆள் இல்லையென்றால் ஒரு குற்றம். பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று குற்றம் சேர்ந்தால், மருந்து போட்டவளோ போடாதவளோ, இரண்டு வருஷம் தடை. தையலுக்கு ஏற்கெனவே இரண்டு சேர்ந்திருந்தது. ஒன்று ரயில் தாமதத்தால், இன்னொன்று விடுதி மாறியதைப் பதிய மறந்ததால். இதில் ஒரு வார்த்தைகூட ரெங்கம்மாளுக்குத் தெரியாது. வீட்டுக்கு நல்ல செய்தியை மட்டும் கொண்டுவருகிற பிள்ளை அது.

மார்கழியில் இருபது நாள் லீவில் வந்திருந்தாள் தையல். காலை ஆறு முதல் ஏழு வரை அம்மா வீடு என்று பதிந்திருந்தாள். மூன்றாம் நாள் காலை, பனி விலகுவதற்கு முன்னால் அடுத்த வீட்டு ராமாயி குழாயடியிலிருந்து குரல் கொடுத்தாள்: "அடியே ரெங்கு, காரு வருதுடி!"

ரெங்கம்மாள் உள்ளறைக் கதவைச் சாத்தினாள். உள்ளே மகள் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். வாசலில் ஒரு ஆம்பளையும் ஒரு பொம்பளையும் நின்றார்கள். ஆம்பளை கையில் ஃபைல், பொம்பளை தோளில் பை. போன தடவை அமீனாவும் இப்படித்தான் ஒரு பொம்பளைப் போலீசைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"தையல்நாயகிங்கிறவங்க வீடு இதுதானேம்மா?"

"ஆமாங்க. நீங்க யாரு?"

"என் பேரு முகம்மது யூசுப். அவங்கள நேர்ல பாக்கணும். ஒரு கையெழுத்து வேணும்."

"என்ன விஷயமா?"

"அத அவங்ககிட்டதாம்மா சொல்ல முடியும். மத்தவங்ககிட்ட சொல்லக் கூடாது."

அடேயப்பா! அச்சு அசல் அமீனா பேச்சு. ரெங்கம்மாளுக்குச் சந்தேகமே இல்லை.

"அது ஊர்ல இல்லைங்களே."

"எங்க போயிருக்காங்க?"

"திருப்பூருக்கு" என்றாள் ரெங்கம்மாள். அதே மூச்சில் பின்னாலிருந்து ராமாயி "மெட்ராசுக்கு" என்றாள்.

யூசுப் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படவில்லை. "நெசமாவே இல்லையாம்மா? இல்லைன்னா அவங்களுக்குத்தான் கஷ்டம்" என்றார்.

"எங்களுக்கு என்னங்க புதுசா கஷ்டம்!"

அவர் போகவில்லை. எதிரே வாய்க்கால் மதகுக் கட்டையில் உட்கார்ந்துகொண்டார். நடுவில் அந்தப் பொம்பளை இரண்டு தடவை வந்து கதவைத் தட்டினாள். கடைசியில் யூசுப் யாருக்கோ போன் போட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை போலிருக்கிறது. ரெங்கம்மாள் இரண்டு பேருக்கும் டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வந்தவரிடம் பொய் சொல்லலாம், வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது. ஏழு மணிக்கு அவர் ஏதோ எழுதிக்கொண்டு கிளம்பினார்.

"ஓட்டிட்டேன்டி!" என்று கதவைத் திறந்தாள் ரெங்கம்மாள். "ஒம்போதாவது தடவை. அந்தாளு ஒரு மணி நேரம் தவம் கெடந்துட்டுப் போறான்."

தையல் எழுந்து உட்கார்ந்திருந்தாள். யார் என்று கேட்கவில்லை. கொஞ்சம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

பத்து நாளில் டெல்லியிலிருந்து காகிதம் வந்தது. கூடவே அவள் பயிற்சியாளர் தியாகராசன் போனில் வந்தார். அவர் சொல்லித்தான் வந்தவர்கள் யார் என்றே ரெங்கம்மாளுக்குத் தெரிந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. தடை வந்தால் ஆசியப் போட்டி கிடையாது. விளையாட்டை வைத்து வந்த ரயில்வே வேலை நிலைக்குமா என்பதும் சந்தேகம். எல்லாம் இந்த நாக்கால் வந்தது என்று தலையில் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அழுவாதீங்கக்கா. ஒரு வழி இருக்கு" என்றார் தியாகராசன். "நடந்தத நடந்தபடி சத்தியம் பண்ணி எழுதிக் குடுங்க. புள்ள உள்ள அசந்து தூங்குச்சு, அதுக்கு ஒண்ணும் தெரியாது, கோர்ட் ஆளுன்னு நெனச்சு நாந்தான் பொய் சொன்னேன்னு. ஏன் அப்படி நெனச்சீங்க, எத்தனை தடவை அப்படிச் சொல்லியிருக்கீங்க, அதையும் எழுதணும். இல்லாட்டி எவன் நம்புவான்?"

வக்கீல் நாகேஸ்வரன் இதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "உக்காருங்க ரெங்கம்மா. எழுதறது ஒரு நிமிஷ வேலை. ஆனா, சம்மன் வந்தப்ப ஊர்லயே இல்லைன்னு நீங்க இங்க ஒரு சத்தியம் பண்ணியிருக்கீங்க. வந்தாங்க, பொய் சொல்லி அனுப்பினோம்னு இப்ப இன்னொரு சத்தியம். டெல்லிக்குப் போற காகிதம்தானேன்னு நெனைக்காதீங்க. உங்க பொண்ணு பேரு பேப்பர்ல வர்ற பேரு. அனந்தநாராயணன் கைக்கு இது கிடைச்ச அன்னிக்கு உங்க மனு தள்ளுபடி. பழைய உத்தரவு உயிரோட எந்திரிச்சிரும். நெலம் போயிரும்."

"வேற வழி இல்லீங்களா அய்யா?"

"இருந்தா சொல்ல மாட்டேனா?"

இரண்டு நாள் ரெங்கம்மாள் சரியாகச் சோறு தின்னவில்லை. வயலுக்குப் போய் வரப்பில் உட்கார்ந்துகொள்வாள். சம்பா பழுத்துத் தலை சாய்ந்திருந்தது. அந்த ஏழு மாவில் முருகையன் வெட்டிய வாய்க்கால் இருந்தது, அவள் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே நட்ட நடவு இருந்தது. அதை விட்டால் அவளுக்கு இந்த உலகத்தில் நிற்க இடமில்லை. நினைத்து நினைத்து வாய்விட்டு அழுதாள். மகளைப் பார்த்தால் அதற்கும் மேல் அழுகை வந்தது. தையல் இரண்டு நாளும் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "வேணாம்மா, விடு." என்ன பெரிய மனசு இந்தப் பிள்ளைக்கு என்று ரெங்கம்மாளுக்கு நெஞ்சு வெடித்தது. அந்த வார்த்தைதான் அவளை முடிவெடுக்க வைத்தது. நிலம் போனால் கூலிக்கு நடலாம். மகளின் கால் ஓய்ந்தால் எதைக் கொண்டு ஈடு கட்டுவது?

மூன்றாம் நாள் தாயும் மகளும் மன்னார்குடி போனார்கள். நாகேஸ்வரன் எழுதிவைத்திருந்ததை ஒரு தடவை உரக்கப் படித்தார். "நல்லா யோசிச்சிட்டீங்களா?" என்றார்.

"யோசிச்சுதாங்க வந்திருக்கேன். எங்க போடணும்?"

அறிவொளி வகுப்பில் கற்ற கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி, பெயர் முழுவதையும் போட்டு முடித்தாள். நாகேஸ்வரன் பெருமூச்சு விட்டு, நோட்டரியைக் கூட்டி வருகிறேன் என்று எதிர்க் கட்டடத்துக்குப் போனார்.

தையல் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போட்டுட்டியே" என்றாள்.

"பின்ன, வெளையாட்டுக்கா வந்தேன்?"

"அம்மா, அன்னிக்கு நான் தூங்கல."

ரெங்கம்மாளுக்குப் புரியவில்லை.

"கார் சத்தத்துக்கே முழிச்சிட்டேன். நீ திருப்பூருன்னது, அத்தை மெட்ராசுன்னது, எல்லாம் கேட்டுச்சு. யாரு வந்திருக்காங்கன்னும் தெரியும்."

"தெரிஞ்சா எந்திரிச்சு வர்றதுக்கென்னடி?"

"வந்திருந்தா மாட்டியிருப்பேன். அதுக்கு மொத நாள்தான் ஊசி போட்டிருந்தேன்."

"என்ன ஊசி?"

"ரத்தம் ஊறுற ஊசி. கூட ஓட்டுறவளுங்க நெறைய பேரு போடுறாளுங்க. நான் மட்டும் பின்தங்கிட்டே இருந்தேன். ஆசியப் போட்டிக்கு எடுக்கணுமேன்னு..."

ரெங்கம்மாள் அடிக்கக் கை ஓங்கினாள், கை பாதியில் நின்றுவிட்டது. "பாவி! ரெண்டு நாளா வயக்காட்டுல உக்காந்து நான் அழுதத பாத்தியே! அப்பவே சொல்றதுக்கென்ன?"

"நீ கையெழுத்துப் போடமாட்டேன்னு நெனச்சேன்."

"என்னது?"

"நெலமா நானான்னு வந்தா, நீ நெலத்தத்தான் எடுத்துக்குவேன்னு நெனச்சேம்மா. நீ போடலைன்னா நான் வாயத் தொறக்க வேண்டியதே இல்ல. எங்கம்மா கைவிட்டதாலதான் எல்லாம் போச்சுன்னு இருந்துக்கலாம்னு பாத்தேன். நீ என்னடான்னா போட்டுட்ட."

மகள் ஊசி போட்டது ரெங்கம்மாளுக்கு வலித்தது. இது அதைவிட வலித்தது. வயிற்றில் பத்து மாதம் சுமந்தவளைப் பற்றி, இருபத்திரண்டு வருஷம் கூடவே வளர்ந்த பிள்ளை வைத்திருந்த கணக்கு இதுவா! "அடிப் பாவி, நான் உன்னப் பெத்தவடி!" என்று கத்தினாள். "ஏழு மா என்னடி, ஏழு வேலி இருந்தாலும் உனக்கு முன்னால எம்மாத்திரம்? எப்படிடி அப்படி நெனச்ச?"

தையல் அழுதுகொண்டே மேஜையிலிருந்த காகிதத்தை எடுத்தாள். இரண்டாகக் கிழித்தாள், நான்காகக் கிழித்தாள், எழுத்துத் தெரியாமல் கிழித்தாள். "வேணாம்மா. செஞ்சது நானு. தடையை நான் ஏத்துக்கறேன்னு எழுதிடுறேன்" என்றாள்.

கிழிந்த துண்டுகள் மேஜையில் விழுவதை ரெங்கம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். மகளின் ஓட்டம் போயிற்று, வேலையும் போகப்போகிறது. அதற்குத்தான் நெஞ்சு பதறியிருக்க வேண்டும். ஆனால் முதலில் வந்த நினைப்பு அதுவல்ல.

அப்பாடா, நிலம் தப்பித்தது.

அவள் கூப்பிடாமலே வந்தது அந்த நினைப்பு. சீ என்று தன்னையே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. பதறிப்போய் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அதற்குள் தையல் அவள் முகத்தைப் பார்த்துவிட்டாள்.