இரண்டாவது ஜாமீன்

நூலகரின் மனைவி, தான் இறந்த ஒன்பதாவது வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு நூலகத்துக்கு வந்து, முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். அந்தப் பெண் ஊரில் பாதி மாடிகளுக்குச் செங்கல் சுமந்தவள். குடியிருந்தது தகரக் கொட்டகையில். நூலக விதியோ, சொந்த வீடு உள்ள ஒருவர் ஜாமீன் போட்டால்தான் உறுப்பினர் அட்டை என்றது. ஒருவர் இரண்டு பேருக்கு மேல் போடவும் கூடாது. நூலகர் விதியை விட்டு இம்மியும் நகராத மனிதர். "ஜாமீன் இல்லாம ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்று அவர் விண்ணப்பத்தைத் திருப்பி நீட்டியபோது, குறுக்கே ஒரு கை வந்து அதை வாங்கிக்கொண்டது. அடக்கம் செய்தபோது உடுத்திவிட்ட அதே பச்சைச் சேலை. கையெழுத்துப் போட்டாள், பேனாவை மூடி வைத்தாள், கணவரை ஏறெடுத்தும் பார்க்காமல் படியிறங்கிப் போனாள். அப்போதும் நூலகர் விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாரே, அதைச் சொல்ல வேண்டும்! வீடு இன்னும் அவள் பேரில்தான் இருந்தது. பேர் மாற்ற அவருக்கு மனசு வந்திருக்கவில்லை. ஜாமீன் போடுகிறவர் உயிரோடு இருக்க வேண்டும் என்று எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை. அட்டையைக் கொடுத்துவிட்டார்.

ஒன்பது வருஷமாக வீட்டுக் கதவைத் தாழிடாமல் படுத்தவர் அவர். கனவில்கூட எட்டிப் பார்க்காதவள், யாரோ ஒருத்திக்காக வந்து நிற்கிறாள்! வயிறு எரிந்தது. எரிச்சல் அடங்கிய பிறகுதான் ஒன்று உறைத்தது. அவளிடம் இன்னும் ஒரே ஒரு கையெழுத்து பாக்கி. இன்னொரு முறை வருவாள், அத்தோடு சரி.

அந்த இன்னொரு முறைக்குக் காரணமாக வந்து சேர்ந்தார் காவலாளி. ஏழு மாடிக் கட்டடத்துக்குக் காவல் இருந்தவருக்குத் தனக்கென்று ஒரு கூரை இல்லை, வாசல் கூண்டிலேயே வாசம். கண் பார்வை போய்க்கொண்டிருந்தது. இனி திரும்பாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். பாதியில் விட்ட ஒரு பெரிய நாவலை அதற்குள் முடித்துவிட வேண்டும், வேறொன்றும் கேட்கவில்லை மனிதர். நூலகர் விண்ணப்பத்தை வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். அது வெளியே வந்தால் அவள் வந்துவிடுவாள், வந்தால் தீர்ந்துபோவாள். "நாளைக்கு வாங்க" என்றார். அப்படி ஏழு மாதம் நாளைக்கு நாளைக்கு என்றே ஓடியது. பூட்டிய இழுப்பறையிலிருந்து ஈர மண் வாசனை வந்துகொண்டே இருந்தது. வாசகர்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் காவலாளி சுவரைத் தடவிக்கொண்டே வந்தார். "சார், எழுத்தெல்லாம் எறும்பாட்டம் ஓடுது. இன்னும் கொஞ்ச நாள்தான். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க, நான் அலைய மாட்டேன்."

நூலகருக்கு அவமானத்தில் முகம் சுருங்கியது. சாவியைப் போட்டுத் திறந்தார். அவள் ஏற்கெனவே மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள், கையை நீட்டிக்கொண்டு. கையெழுத்துப் போட்டாள். இந்த முறை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, ஊருக்கெல்லாம் போட்டுக் கொடுத்தீங்க. எனக்கு ஒரு கார்டு போட்டுத் தரணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையில்ல?"

கல்யாணமான புதிதில் அவள் கேட்டதுண்டு. உனக்கெதுக்குக் கார்டு, நான்தான் கொண்டுவரேனே என்றார். இருபத்தாறு வருஷத்தில் ஒரு புத்தகம் கொண்டுவந்ததில்லை. அதை நினைத்து முடிப்பதற்குள் மேஜைக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

அன்று மாலையே, கட்டுக்கட்டாக இருந்த விண்ணப்பங்களில் ஜாமீன் என்ற பத்தியை ஒவ்வொன்றாக அடித்தார். இனி யாரும் யாருக்காகவும் வரத் தேவையில்லை, அவளும்தான். தெரிந்தேதான் அடித்தார், அழுதுகொண்டே அடித்தார். மேலிடத்திலிருந்து இரண்டு முறை விளக்கம் கேட்டு எழுதினார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். காவலாளிக்குக் கடைசி நாற்பது பக்கம் மிச்சமிருக்கையில் கண் இருண்டுவிட்டது. ஏழு மாதத்தைத் தின்றது யார் என்று நூலகருக்குத் தெரியும். செங்கல் சுமந்த பெண்தான் கூண்டுக்கு வெளியே உட்கார்ந்து அவருக்கு அதை வாசித்து முடித்தாள்.

கட்டின் அடியில் ஏற்கெனவே நிரப்பிய விண்ணப்பம் ஒன்று இருந்தது. தெரிந்த கையெழுத்து. முகவரி: இடுகாடு, மூன்றாவது வரிசை. நூலகர் அட்டை எழுதி மேஜை மேல் வைத்தார். காலையில் அது இல்லை. அதற்குப் பிறகு அவள் யார் கண்ணிலும் படவில்லை. பதினைந்து நாளைக்கு ஒரு புத்தகம் போகிறது, சொன்ன தேதிக்குத் திரும்பி வருகிறது. பக்கங்களுக்கு நடுவே ஒட்டியிருக்கும் மண்ணை நூலகர் வேட்டி நுனியால் துடைத்து, அடுத்து நிற்பவரிடம் கொடுக்கிறார்.