புதுத் தலைவரின் முகம்

கட்சி புதுத் தலைவரைத் தேர்ந்தெடுத்த செய்தி வந்ததும் பத்திரிகைக் கார்ட்டூனிஸ்டுக்குப் பிழைப்பே ஆட்டம் கண்டது. பழைய தலைவருக்கு ஒரு மூக்கு இருந்தது. அந்த மூக்கை வைத்தே கார்ட்டூனிஸ்ட் இத்தனை வருஷமும் காலத்தை ஓட்டிவிட்டார். புதியவரின் முகமோ இஸ்திரி போட்ட துணி. பிடித்துக்கொள்ள ஒரு மருகூட இல்லை. வரைந்து வரைந்து கசக்கியதில் குப்பைத்தொட்டி நிரம்பியது.

எட்டிப் பார்த்த உதவி ஆசிரியர் வேறு, “என்னண்ணே, இது எங்க மாமனார் மாதிரில்ல இருக்கு!” என்று எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தார்.

அந்த நேரம் டிவியில் புதுத் தலைவர் பேச எழுந்தார். “நான் சாதாரணத் தொண்டன். பதவி ஆசை எனக்குத் துளியும் கிடையாது” என்று வலது கையை நெஞ்சில் வைத்தார். இடது கை மட்டும் பின்னாலிருந்த நாற்காலியை விடவே இல்லை. வழியை மறிக்கிறதே என்று ஒருவர் அதை நகர்த்தப் பார்த்தார். விரல்கள் இன்னும் இறுகின.

“சிக்கிட்டாருய்யா!”

கார்ட்டூனிஸ்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரே மூச்சில் வரைந்து முடித்தார். படத்தில் முகமே இல்லை. ஒரு நாற்காலி, அதை இறுகப் பற்றிய ஒரு கை, அவ்வளவுதான்.

ஆசிரியர் வாங்கிப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

“அடடா, ஆளை அப்படியே உரிச்சு வச்ச மாதிரி இருக்கே!”