அண்ணி ஈ

கொய்யாத் தோட்டத்தில் திறந்துவிட்ட ஈக்களில் ஒன்றுகூட மரத்துக்குப் போகவில்லை. அத்தனையும் தோட்டக்காரரின் மனைவி மேல் போய் உட்கார்ந்துகொண்டன. அன்று வெயில் வழக்கம்போலத்தான் அடித்தது.

சில பருவங்களாகவே பழ ஈ அந்தத் தோட்டத்தைத் தின்றுகொண்டிருந்தது. வெளியே மஞ்சளாக மினுங்கும் பழத்தைப் பிளந்தால் உள்ளே புழு நெளியும். இந்த முறையும் விளைச்சல் போனால் மரங்களை விறகுக்கு வெட்ட வேண்டியதுதான் என்ற நிலையில், ஊரார் பூச்சி ஆபீசர் என்று கூப்பிட்ட அதிகாரி அட்டைப்பெட்டிகளோடு வந்தார். இவை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக் கதிர்வீச்சு கொடுத்த ஆண் ஈக்கள், அடையாளத்துக்கு ரோஸ் பொடி தூவியிருக்கிறது, இவற்றோடு சேரும் பெண் ஈயின் முட்டை பொரிக்காது, நாளடைவில் பூச்சியின் வம்சமே ஓய்ந்துவிடும் என்று விளக்கினார்.

"மலட்டு ஈன்னு சொல்லுங்க," என்றாள் தோட்டக்காரரின் தங்கை. "அதுக்கா சார் இவ்வளவு தூரம் பெட்டியைத் தூக்கிட்டு வந்தீங்க? எங்க அண்ணியை நாலு நாள் மரத்தடியில நிக்க வெச்சிருந்தா போதுமே!"

கூலியாட்கள் சிரித்தார்கள். ஆபீசர் சிரித்தார். தோட்டக்காரரும் சிரித்தார். எல்லாருக்கும் டீ கொண்டுவந்த அண்ணி தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். பெட்டிகளைத் திறந்தது அதற்கப்புறம்தான்.

ஈக்கள் நேராகச் சமையலறைக்குள் போய் அவள் தலைமுடியிலும் தோளிலும் அமர்ந்தன. வாராவாரம் புதுப் பெட்டிகள் வந்தன. வாராவாரம் ஈக்கள் அவளிடமே போயின. ஆபீசர் புகை போட்டுப் பார்த்தார், வெல்லப்பாகு தெளித்துப் பார்த்தார், பலனில்லை. ரோஸ் நிறமாகிப்போன கைகளோடு அவள் சோறு வடித்தாள், துணி துவைத்தாள், ஒன்றையும் விரட்டவில்லை. தோட்டக்காரர் அவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்தார். அவர் இருமினால்கூட அன்றைய சிரிப்பாகவே வெளியே வந்தது. அதனால் இருமுவதை விட்டுவிட்டார்.

பூ பிஞ்சாகும் சமயம் ஒரு காலையில், யாரும் கேட்காமலே, அவள் தோட்டத்துக்குள் நடந்தாள். ஒவ்வொரு மரத்தையும் தொட்டு, "போங்கப்பா, உங்களுக்கு வேலை இருக்கு," என்றாள். தொட்ட மரத்தில் ஈக்கள் இறங்கின. மன்னிப்பு கேட்கும்வரை காத்திருக்கத் தெரியாத மனதைக் கடவுள் சிலருக்குக் கொடுத்துவிடுகிறார். மற்றவர்கள் தலைகுனிய அது போதும்.

அந்தப் பருவத்தின் முதல் பழத்தைத் தங்கைதான் அறுத்தாள். புழு இல்லை. அதைச் சமையலறைக்குக் கொண்டுபோனாள்.

"அண்ணி, நான் அன்னிக்கு..."

"உப்பு போட்டியா?"

"இல்ல."

"போட்டு எடுத்துட்டு வா. ரெண்டு பேரும் சாப்பிடலாம்."

தங்கை உப்பு ஜாடியைத் தேடுவதுபோல் வெகுநேரம் முதுகைக் காட்டியே நின்றாள். ஜாடி அவள் கையில்தான் இருந்தது.

இப்போதெல்லாம் பெட்டி வண்டி முதலில் அந்த வீட்டு வாசலில்தான் நிற்கும். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து முன்னால் நடப்பாள், ஈக்கள் பின்னால் போகும். பக்கத்துத் தோட்டக்காரர்களும் வந்து கூப்பிடுகிறார்கள். அந்தப் பழைய சொல் ஊரில் யார் வாயிலும் வருவதில்லை. அண்ணி ஈ என்கிறார்கள். ஆபீசர் மேலிடத்துக்கும் அப்படியே எழுதுகிறார், மேலிடமும் ஏனென்று கேட்டதில்லை. தோட்டக்காரர் மட்டும், தொண்டை கமறினால், தள்ளிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறார்.