கூகைப் பெட்டி எண் பதினான்கு

கஜா புயலில் பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னையும் பனையும் சாய்ந்தபோது, அவற்றின் பொந்துகளில் குடியிருந்த பறவைகள் என்ன ஆயின என்று யாரும் கேட்கவில்லை. சில ஆண்டுகள் கழித்துக் கயல்விழி அதைத்தான் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டாள். வயலோரங்களில் கம்பம் நட்டு இருபத்திரண்டு மரப்பெட்டிகளை ஏற்றினாள். பொந்து இல்லாத கூகை என்னும் ஆந்தைகள் பெட்டியில் முட்டையிடுமா, குஞ்சுகளில் எத்தனை பிழைக்கும் என்பதைக் கண்டறிய வேண்டும்.

பதினான்காம் பெட்டி செம்மொழியின் வயலில் நின்றது. செம்மொழிக்கு நாற்பது வயது. கணவர் பகலவன் மலேசியாவில் லாரி ஓட்டினார். இரண்டு ஏக்கர்போல வரும் ஆறு மா நிலத்தையும் அவளே பார்த்துக்கொண்டாள். கூகை அலறினால் சாவு விழும் என்று அந்த ஊரில் மற்றவர்கள் கம்பம் நட விடாதபோது அவள்தான் கூப்பிட்டாள்.

"எங்க வயல்ல நடு கயலு. வெளஞ்சதுல பாதிய எலி திங்குது. அத விடவா ஆந்தை கெடுத்துடப் போவுது?"

கயல்விழி ஒன்றுதான் கேட்டுக்கொண்டாள். "வயல்ல மட்டும் எலி மருந்து வச்சிடாதீங்கக்கா. மருந்து தின்ன எலியப் புடிச்சா கூகையும் செத்துடும்."

"வைக்க மாட்டேன். சத்தியமா."

ஐப்பசியில் ஒரு ஜோடி வந்தது. ஆறு முட்டைகளில் ஐந்து பொரிந்தன. வாரம் ஒருமுறை கயல்விழி ஏணியில் ஏறி, குஞ்சுகளைத் துணிப்பையில் இறக்கி எடை பார்ப்பாள். ஏணியைப் பிடித்துக்கொள்வது செம்மொழி. கடைசியாகப் பொரிந்தது மற்றவற்றில் பாதிதான் இருந்தது. அது தேறாது என்றாள் கயல்விழி. தேறிவிட்டது. செம்மொழி அதைக் கடைக்குட்டி என்று கூப்பிட்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் வரப்பில் உட்கார்ந்து, பெட்டிக்குள்ளிருந்து வரும் சீறலைக் கைப்பேசியில் பகலவனுக்குக் கேட்கவைப்பாள். "உன் புள்ளைங்களுக்கு ரொம்பப் பசி போலருக்கு" என்று அவர் சிரிப்பார். அந்த வருஷம் அவளுடைய சம்பாவில் எலி வெட்டு குறைந்திருந்தது. பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னாள்.

பொங்கலுக்குக் கயல்விழி நாகப்பட்டினத்தில் தன் வீட்டுக்குப் போயிருந்தாள். மாட்டுப்பொங்கல் அன்று காலையில் செம்மொழி அழைத்தாள்.

"கயலு, பெரிய குஞ்சு கீழ விழுந்து கெடக்கு. அசையல."

கயல்விழி கிடைத்த பேருந்தில் ஏறி வந்தாள். கம்பத்தடியில் மூத்த குஞ்சு கிடந்தது. இறகு முளைத்து, இன்னும் இரண்டு வாரத்தில் பறந்திருக்கும். மூக்கோரம் ரத்தம். பெட்டிக்குள் மேலும் இரண்டு செத்திருந்தன. மற்ற இரண்டும் தலையைத் தூக்க முடியாமல் கிடந்தன.

"மருந்துதாங்க்கா" என்றாள் கயல்விழி.

செம்மொழி நேராகப் பக்கத்து வயல்காரர் நெடுமாறனின் வாசலுக்குப் போனாள். "பச்சப் புள்ளைங்களுக்கு மருந்து வச்சியே, நீ நல்லா இருப்பியா?" தெருவே கூடிவிட்டது. அவர் திகைத்து நின்றார். "நான் இந்த வருஷம் மருந்தே வாங்கலம்மா."

இதற்குள் கயல்விழி குஞ்சுகளை வைக்க அட்டைப்பெட்டி தேடிச் செம்மொழியின் வீட்டுக்குள் போயிருந்தாள். குறுவை நெல் மூட்டைகளின் பின்னால், ஒரு தட்டில் எலி மருந்துக் கட்டிகள், ஓரம் கடிபட்டுக் கிடந்தன. செம்மொழி திரும்பி வரும்வரை அங்கேயே நின்றாள்.

"அக்கா, இது?"

"மூட்டைய ஓட்டை போட்டுச்சுன்னு போன வாரம் வச்சேன். வீட்டுலதானே வச்சேன்? வயல்ல ஒரு துண்டு வைக்கலம்மா."

கயல்விழி கொல்லைப் பக்கம் பார்த்தாள். மருந்து தின்ற எலி உடனே சாவதில்லை. இரண்டு மூன்று நாள் தள்ளாடித் திரியும். வீட்டுக் கொல்லையை அடுத்தே வயல்.

செம்மொழிக்குப் புரிந்தது. மூட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் வயல்லன்னுதானேக்கா சொன்னேன். வீட்டையும் சொல்லியிருக்கணும். என் தப்பு."

"வச்சது என் கை."

இரண்டு குஞ்சுகளையும் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஒன்று வழியிலேயே போய்விட்டது. கடைக்குட்டிக்கு ஊசி போட்டார்கள். மறுநாள் மதியம்வரை செம்மொழி அதை மடியில் வைத்து, கோழி ஈரலை நறுக்கி நறுக்கி ஊட்டிப் பார்த்தாள். வாயில் வைத்தது வாயிலேயே இருந்தது. அதன் கழுத்து சாய்ந்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.

எந்த மருந்து என்று உறுதிசெய்ய ஐந்து உடல்களும் பரிசோதனைக்கு வேண்டும். கயல்விழி ஐஸ் பெட்டியைத் திறந்தாள்.

"இத மட்டும் எங்கிட்ட விட்டுடேன்" என்றாள் செம்மொழி.

கயல்விழி நான்கோடு பெட்டியை மூடினாள்.

கடைக்குட்டியைத் தென்னையடியில் புதைத்துவிட்டு, செம்மொழி நெடுமாறன் வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்று, "நாந்தாங்க வச்சேன்" என்றாள். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். செம்மொழி அதைக் குடிக்காமல் திண்ணையில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

சாயங்காலம் அவள் வரப்பில் இருந்தபோது பகலவன் அழைத்தார். "புள்ளைங்க எப்படியிருக்கு? சத்தத்தையே காணோம்?"

"பறந்துடுச்சுங்க."

"அதுக்குள்ளயா? அஞ்சுமா?"

"அஞ்சும்."

சொல்லி முடித்தபோது தாய்க்கூகை வயலுக்கு மேலே தாழப் பறந்து வந்தது. அலகில் எலி. பெட்டிக்குள் நுழைந்தது. சற்று நேரத்தில், அதே எலியோடு வெளியே வந்து விளிம்பில் உட்கார்ந்தது. செம்மொழி வரப்பில் நின்று, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.