கரும்பலகையில் ஐம்பத்து மூன்று பேர்

ஏப்ரல் கடைசியில் சிகாகோக்காரனைப் போல சந்தோஷமான பிறவி இந்த உலகத்தில் கிடையாது. கல்லூரிப் பையன்களை அமெரிக்கக் கால்பந்து அணிகள் பங்கு போட்டுக்கொள்ளும் அந்த மூன்று நாள் முடிந்ததும், கோப்பையே கைக்கு வந்துவிட்டதுபோலத் துள்ளுவான். வருஷாவருஷம் அதே துள்ளல்தான். செப்டம்பரில் ஆட்டம் தொடங்கினால் தெரியும் சேதி. மினசோட்டாக்காரன் வேறு ரகம். டிசம்பர் வரை ஜெயித்துக்கொண்டே போய், ஜனவரியில் குப்புற விழுந்துவிட்டு, ஏதோ அன்றைக்குத்தான் முதல் தடவை விழுந்தவன்போல ஆச்சரியப்படுவான். டெட்ராய்ட்டைப் பற்றி முன்பெல்லாம் பேசவே வேண்டியிருக்காது. இப்போது கொஞ்சம் தலையெடுத்திருக்கிறார்கள், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் பிரிவில் நாலு அணிகள் என்பார்கள். என்னைக் கேட்டால் எங்கள் கிரீன் பே ஒன்றுதான் அணி, மற்ற மூன்றும் தலைவலி.

இதை நான் சும்மா சொல்லவில்லை. கிரீன் பேக்குப் பக்கத்தில், காஸ்கோ என்கிற சின்ன ஊரில் முப்பத்தோரு வருஷமாக சலூன் வைத்திருக்கிறேன். க்ளெம் வாண்டர்டை என்றால் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை ஆட்டம்தான் கிடையாது, வாய்க்கு லீவு கிடையாது. கோடைப் பயிற்சிக்கு அணி தொண்ணூறு பேரைக் கூப்பிடும். ஆகஸ்ட் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் அதை ஐம்பத்து மூன்றாகக் குறைத்துவிட வேண்டும். யார் அந்த ஐம்பத்து மூன்று பேர் என்று நான் ஜூன் மாதமே என் கடைக் கரும்பலகையில் எழுதிவிடுவேன். போன வருஷம் ஐம்பத்தோரு பேர் சரி. அந்த இரண்டு பேர் விஷயத்திலும் தப்பு அணியுடையது, என்னுடையதல்ல.

இந்த வருஷம்தான் சோதனை வந்தது. தொண்ணூறு பேரில் ஒருவன் எங்கள் ஊர்ப் பையன், வெஸ்லி ஜாடின்.

அவன் அப்பா ஆர்வில் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். ஊருக்கு வெளியே எண்பது மாடு வைத்துப் பால் பண்ணை நடத்துகிறான். மனைவி அரிசோனாவுக்குப் போய் வேறு கல்யாணம் செய்துகொண்டு பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அப்பனும் பிள்ளையும்தான். பையன் ஸ்னாப்பர். அதாவது, குனிந்து நின்று, தன் கால்களுக்கு நடுவே பந்தைப் பதினைந்து கஜம் பின்னால் எறிகிறவன். அங்கே நிற்பவன் அதைப் பிடித்து உதைப்பான். தலைகீழாகப் பார்த்துக்கொண்டு, கையில் வந்து விழுகிற மாதிரி எறிய வேண்டும். மாலைக் கறவை முடிந்ததும் கொட்டகைக்குப் பின்னால் வெஸ்லி எறிவான், ஆர்வில் பிடிப்பான். பனி கொட்டினாலும் நிறுத்தியதில்லை. ஆர்விலின் இரண்டு விரல்கள் உடைந்து கோணலாகவே ஒட்டிக்கொண்டன.

சங்கடம் என்னவென்றால், ஒரு அணிக்கு ஸ்னாப்பர் ஒருவன்தான். எங்களுக்கு ஏற்கெனவே ஹோல்கேட் இருக்கிறான். ஒன்பது வருஷத்தில் ஒரு பந்தும் தப்பாக எறியாதவன். பயிற்சியில் அவனுக்கு ஓய்வு கொடுப்பதற்காகத்தான் வெஸ்லியைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்வது? அந்தப் பையனுக்கு முதல் முடி வெட்டியது நான். மரப்பலகை போட்டு உட்காரவைத்தேன், வாயில் மிட்டாயோடு வீறிட்டு அழுதான்.

ஜூன் மாதம் பலகை எழுதுகிற அன்று தபால்காரன் டுவேன் வந்து நின்றுகொண்டான். பிறந்தது மினசோட்டாவில், அந்த அணியின் ஊதாத் தொப்பியைக் கூச்சமே இல்லாமல் என் கடைக்குள் போட்டுக்கொண்டு வருகிற ஆள்.

"நம்ம பையன் பேரு உண்டா இல்லியாய்யா?"

"உனக்கு எதுக்கு? உங்க ஆளுங்க ஜனவரியில அழறதுக்குத் துண்டு தேடு, போ."

"பேச்ச மாத்தாத. உண்டா இல்லியா?"

எழுதினேன். ஹோல்கேட்டை விட்டுவிட்டு 'வெஸ்லி ஜாடின்' என்று எழுதினேன். டுவேன் கை தட்டினான். சாயங்காலத்துக்குள் ஊரே வந்து பார்த்தது. தேவாலயத்துப் பெண்கள் பாலாடைக்கட்டி வறுவல் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் பாத்திரத்தை மூடி அலமாரியில் வைத்தேன்.

மறுநாள் காலையில் ஆர்வில் முடிவெட்ட வந்தான். நாற்காலியில் உட்கார்ந்தான், துணி போர்த்தினேன். கண்ணாடியில் பலகை தெரியும். ரொம்ப நேரம் பார்த்தான். நான் கத்தரியை எடுத்தேன்.

"க்ளெம், அத அழி."

"எத?"

"என் பையன் பேர."

"ஏன்டா? உன் பையன் மேல உனக்கே நம்பிக்கை இல்லியா?"

அவன் துணியோடு எழுந்துவிட்டான். ஆர்வில் கத்தி நான் கேட்டதே கிடையாது. அன்றைக்குக் கத்தினான்.

"முப்பது வருஷமா அந்தப் பலகையில நீ ஒரு பொய் எழுதினதில்லடா! உன் மச்சான் பையன் அந்தத் தொண்ணூறு பேர்ல இருந்தப்பகூட அவன் பேர எழுதல நீ. இப்ப எழுதியிருக்கன்னா என்ன அர்த்தம்? எம்மேல அவ்ளோ பரிதாபமா உனக்கு?"

"பரிதாபம் இல்லடா..."

"பின்ன என்ன? ஹோல்கேட்ட எடுத்துட்டு இவன வைப்பாங்களா? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

நான் கத்தரியைக் கீழே வைத்தேன்.

அவன் மறுபடி உட்கார்ந்தான். குரல் இறங்கிவிட்டது. "பள்ளிக்கூடத்துல, பால் டிப்போவுல, தேவாலயத்துல, எங்க போனாலும் 'நீ கண்டிப்பா வந்துடுவே'ன்னு அவன்கிட்ட சொல்றாங்க. எல்லாரும் நல்ல மனசோடதான் சொல்றாங்க. ஆனா அவன வேண்டாம்னு அனுப்பற அன்னிக்கு, இத்தனை பேர் மூஞ்சியிலயும் அவன் எப்படிடா முழிப்பான்? உனக்கு ஞாபகம் இருக்கா, டெல்வோ வீட்டுப் பையன்? அனுப்பிட்டாங்கன்னு லாரிய எடுத்துக்கிட்டு நேரா மொன்டானா போனான். ரெண்டு வருஷம் அப்பன்கிட்ட பேசல. அப்பன் வீட்டு வாசல்ல அணியோட கொடி கட்டி வச்சிருந்தான்டா, அதான் காரணம். எனக்குக் கொடி வேண்டாம். அவன் தோத்த அன்னிக்கு வர்றதுக்கு ஒரு இடம் வேணும். அந்தப் பலகையில நெசம் இருந்தாத்தான் இது அந்த இடமா இருக்கும்."

நான் துடைப்பானை எடுத்து அழித்தேன். 'ஹோல்கேட்' என்று எழுதினேன்.

"இப்ப வெட்டு," என்றான் ஆர்வில்.

அழிக்கச் சொன்னது அவன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அதற்கான பலனையும் அனுபவித்தேன். "நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்று கேட்டுவிட்டு டுவேன் மூன்று வாரம் கடிதங்களை வாசலில் வீசிவிட்டுப் போனான். என்னிடம் ஒருநாளும் தவறாத ஆட்கள் பக்கத்து ஊர் அல்கோமா வரைக்கும் போய் முடி வெட்டிக்கொண்டார்கள். வறுவல் பாத்திரத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். யாரோ பலகையைப் படம் எடுத்து வெஸ்லிக்கு அனுப்பிவிட்டார்கள். பயிற்சிக்குப் போகும் முன் அவன் என்னிடம் வரவில்லை. கிரீன் பேயில் எங்கேயோ வெட்டிக்கொண்டான், காதுக்கு மேலே கன்னாபின்னா என்று. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆகஸ்ட் முழுக்க ஆர்விலும் நானும் பயிற்சி பார்க்கப் போனோம். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு பார்ப்போம். பையன் நன்றாகத்தான் எறிந்தான். பந்து ஒரு தடவைகூடத் தரையில் படவில்லை. ஆனால் ஹோல்கேட்டும் அப்படித்தான், அவன் ஒன்பது வருஷமாக அப்படித்தான். ஊர்க்காரர்கள் வெஸ்லியின் பெயரைச் சொல்லிக் கூச்சல் போட்டார்கள். ஆர்வில் ஒருநாளும் கத்தவில்லை. ஒவ்வொரு பந்துக்கும் அவன் கைகள் மட்டும் தானாகவே மடங்கிப் பிடித்தன.

ஆட்களைக் குறைக்கிற அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கே ஆர்வில் கடைக்கு வந்து, காத்திருக்கிறவர்களுக்கான பெஞ்சில் உட்கார்ந்தான். முடிவெட்டி நாலு நாள்தான் ஆகியிருந்தது.

"ஞாயித்துக்கிழமையே அவன்கிட்ட சொல்லிட்டேன்," என்றான். "'உன்ன வச்சுக்க மாட்டாங்கன்னு நெனைக்கிறேன்டா, அன்னிக்கு நான் க்ளெம் கடையில இருப்பேன்'னு. பலகைய அழிக்கச் சொன்னது நான்தாங்கறதையும் சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"போன வச்சுட்டான்."

பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. டுவேன் கடிதங்களோடு உள்ளே வந்து, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஆர்வில் பக்கத்தில் உட்கார்ந்தான். வெஸ்லியின் லாரியும் டெல்வோ பையனுடையதைப் போல நெடுஞ்சாலையில் மேற்கே திரும்பிவிட்டிருக்குமோ என்று நான் பயந்தேன். ஆர்வில் பயந்ததை நான் சொல்லவே வேண்டாம், கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு மணிக்கு லாரி வந்து நின்றது. வெஸ்லி ஒரு கறுப்புக் குப்பைப் பையோடு இறங்கினான். வேண்டாம் என்று அனுப்பப்படுகிறவர்கள் தங்கள் அலமாரிச் சாமானை அப்படித்தான் அள்ளிக்கொண்டு வருவார்கள். பையைக் கதவோரம் வைத்துவிட்டு, நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"வெட்டுங்க, க்ளெம். காதுக்கு மேல கெடுத்து வச்சிருக்கான்."

"அவன் கைய ஒடைக்கணும்," என்றேன்.

வெட்டத் தொடங்கினேன். ஒரு காதுப் பக்கம் முடிந்ததும் அவனே பேசினான்.

"போன்ல முப்பத்தேழு பேர் செய்தி அனுப்பியிருக்காங்க. எல்லாரும் அழுது வச்சிருக்காங்க. ஒவ்வொருத்தருக்கும் நான்தான் ஆறுதல் சொல்லணும்போல இருக்கு. வர்ற வழியில நெடுஞ்சாலை பிரியற எடத்துல வண்டிய நிறுத்திட்டேன். எங்க போறதுன்னே தெரியல. அப்புறம் நெனச்சேன், இங்க வந்தா யாருக்கும் ஆறுதல் சொல்ல வேண்டியதில்ல."

ஆர்வில் எழுந்து வந்து மகன் தோளில் கை வைத்தான். அந்த இரண்டு கோணல் விரலும் துணியை இறுகப் பற்றின. வெஸ்லி கன்னத்தை அந்தக் கையில் சாய்த்துக்கொண்டான். நான் கத்தரியை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டுவேன் மூக்கைச் சிந்தினான், வெட்கங்கெட்டவன்.

அப்போதுதான் போன் அடித்தது. வெஸ்லியின் ஏஜென்ட். வெஸ்லி "சரி, சரி" என்று கேட்டுவிட்டு, போனைக் கையால் பொத்திக்கொண்டான். முகம் வெளுத்துவிட்டது.

"பயிற்சி அணியில சேத்துக்கறாங்களாம். கூடவே இருக்கணும், அவங்க ஆளுக்கு அடிபட்டா நான் எறங்கணும். நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வரச் சொல்றாங்க."

"யாருடா?" என்றான் ஆர்வில்.

"அப்பா... சிகாகோப்பா."

டுவேன் சிரிப்பை அடக்க முடியாமல் தொப்பிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டான். ஆர்வில் வீட்டில் சிகாகோ என்ற வார்த்தையை வானிலைச் செய்தியில் கேட்டால்கூட டிவியை நிறுத்துவார்கள். வெஸ்லி அப்பன் முகத்தையே பார்த்தான். ஆர்வில் அவனைப் பார்க்கவில்லை, என் பக்கம் திரும்பினான்.

"க்ளெம், அவங்க ஸ்னாப்பர் எப்படி?"

எனக்குத் தெரியும். விரோதிகளின் பட்டியல் ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். அவர்கள் எங்கே தோற்பார்கள் என்று தெரிந்துகொள்ள ஒவ்வொரு கோடையிலும் உட்கார்ந்து படிப்பேன்.

"முப்பத்தாறு வயசு," என்றேன். "எடது முட்டி போச்சு. ரெண்டு தடவ கிழிச்சுத் தச்சிருக்காங்க. போன நவம்பர்லயே பந்து தாழப் போக ஆரம்பிச்சிடுச்சு. அக்டோபர் தாண்டாது."

"நெசமாவா? பரிதாபப்பட்டுச் சொல்லலியே?"

"நெசம்டா."

ஆர்வில் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தான். மகன் பக்கம் திரும்பினான்.

"வர்றேன்னு சொல்லு."

"அப்பா, உங்களால அவங்களுக்காகக் கை தட்ட முடியுமா?"

"அவங்களுக்கு எதுக்குடா தட்டறேன்? ஒவ்வொரு ஆட்டத்துலயும் அவங்க தோக்கணும்னுதான் வேண்டிக்குவேன்." ஆர்வில் அழுதுகொண்டே சிரித்தான். "நீ எறியற பந்து மட்டும் நேரா போகணும்."

பாதித் தலை வெட்டியபடியே வெஸ்லி போனைக் காதில் வைத்து, "வர்றேன்னு சொல்லுங்க" என்றான். மிச்சப் பாதியை நான் வெட்டி முடித்தேன். பின்கழுத்தில் கொஞ்சம் கோணல்தான், அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.